அத்திக்கொல்லை மரக்கோயிலின் முளைகள்

ஞாயிற்றுக்கிழமைகளில் அருணா போளூர் ரயில் நிலையத்தின் முன்னாலிருந்து ஒரு வேனில் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜவ்வாது மலைக்குப் போவாள். அருவியும் படகும் பார்க்க நினைப்பவர்களுக்கு வேறு வண்டிகள் இருக்கின்றன. இவள் காட்டுவது மரத்தால் கட்டிய பழைய கட்டடங்களை. கல்லின்மேல் கால் வைத்து நிற்கும் தானியக் குதிர்கள், எப்போதோ மலையேறி வந்த பாதிரியார்கள் கட்டிவிட்டுப் போன சிறிய தேவாலயங்கள். இதற்கு முன்பு ஒரு காண்ட்ராக்டர் அலுவலகத்தில் கான்கிரீட் வீடுகளுக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த வேலையை விட்டு மூன்று வருடமாகிறது. இப்போது அவளுக்கு வருமானம் இது ஒன்றுதான். வேன் ஓட்டும் பிரகாஷுக்கும், மலைமேல் மதியச் சோறு ஆக்கிப்போடும் பாஞ்சாலிக்கும் இதிலிருந்துதான் கொஞ்சம் கிடைக்கிறது.

சுற்றுலாவில் மற்ற நிறுத்தங்களெல்லாம் அத்திக்கொல்லைக்குப் போகும் வழியில் இருப்பவை. அத்திக்கொல்லையில் பாதிரியார்கள் கட்டிய மரக்கோயிலைப் பார்க்கத்தான் ஆட்கள் வந்தார்கள். வேங்கை மரத் தூண்கள், வேங்கை மர உத்திரங்கள், மேலே நாட்டு ஓடு. அந்தக் கட்டடத்தில் ஓர் ஆணி கிடையாது. கட்டைகள் சேரும் இடத்திலெல்லாம் கட்டைவிரல் பருமனுக்குக் கருங்காலி முளைகள் அடித்திருந்தார்கள். அருணா கையில் ஒரு கொட்டாப்புளி வைத்திருப்பாள். தச்சர்கள் உளியை அடிக்கப் பயன்படுத்தும் மரச் சுத்தியல் அது. கோயிலுக்குள் போனதும் ஒரு முளையைப் பின்பக்கமிருந்து தட்டி வெளியே எடுத்து, எல்லோர் கையிலும் கொடுத்துவிட்டு, திரும்ப அடித்து வைப்பாள். வந்தவர்கள் கை தட்டுவார்கள். அந்தக் கைதட்டலைப் பார்த்த யாரோ வீடியோ எடுத்துப் போட, அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் வருவார்கள்.

அன்றைக்கு வந்தவர்களில் நான்கு பேர் கட்டடக்கலை படிக்கும் மாணவிகள். ஒரு வேலூர் தம்பதி. ஏழாவது ஆள் சக்கரவர்த்தி என்று பெயர் சொன்னார். நல்ல உயரம், சிரித்த முகம், கழுத்தில் மூக்குக்கண்ணாடி தொங்கியது. முன் இருக்கையில் பிரகாஷுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவு ஒன்றில் அவர் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார்.

"ஏம்ப்பா, இந்த வளைவுல நீளமான லாரி திரும்புமா?"

"திரும்பும் சார். முன்ன போயி, பின்ன வந்து, முன்ன போயி, பின்ன வந்து திருப்புவான். அவன் திருப்பறதுக்குள்ள நாம எறங்கி டீ குடிச்சிட்டு வந்துர்லாம்" என்றான் பிரகாஷ்.

சக்கரவர்த்தி சிரித்தார். ஆனால் வளைவைத் தன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார்.

முதல் நிறுத்தம் ஒரு குதிர். மூங்கிலைப் பின்னி, மண் பூசி, நான்கு கால்களின்மேல் தூக்கி வைத்தது. ஒவ்வொரு காலுக்கும் தரையில் ஒரு கல். காலின் உச்சியில், குதிரின் அடிவயிற்றைத் தொடும் இடத்தில், தோசைக்கல் போல அகலமான இன்னொரு தட்டைக் கல். இந்த இரண்டாவது கல் எதற்கு என்று அருணா மாணவிகளைக் கேட்டாள். அழகுக்கு என்றாள் ஒருத்தி. பாரம் தாங்க என்றாள் இன்னொருத்தி.

"எலிக்கு" என்றாள் அருணா. "எலி கால்ல ஏறிடும். மேல வந்தா தலைக்கு மேல இந்தக் கல்லு கூரை மாதிரி நீட்டிக்கினு நிக்கும். அதத் தாண்டணும்னா தலைகீழா நடக்கணும். எலிக்கு ஏறத் தெரியும், தலைகீழா நடக்கத் தெரியாது."

அடுத்தது ஒரு சிறிய தேவாலயம். அதன் தூண்களின் அடியைச் சுற்றி ஊர் இளைஞர்கள் போன வருடம் சிமெண்ட் பூசியிருந்தார்கள், உறுதியாக இருக்கட்டும் என்று. அருணா ஒரு தூணின் அடியை விரலால் அழுத்தினாள். மரம் ஊறிய ரஸ்க் போல உள்ளே போனது. கல்லின்மேல் சும்மா நிற்கும் தூண் மழையில் நனையும், காற்றில் காயும். சிமெண்ட் பட்டை போட்டால் உள்ளே போன தண்ணீருக்கு வெளியே வர வழியில்லை. மரத்தைத் தண்ணீர் கெடுப்பதில்லை, தண்ணீர் போகாமல் தங்குவதுதான் கெடுக்கிறது என்று அவள் சொன்னாள். ஒரு மாணவி அதை எழுதிக்கொண்டாள். சக்கரவர்த்தி, இந்தக் கட்டடம் எத்தனை டன் இருக்கும் என்று கேட்டார். அருணாவுக்குக் கேள்வி பிடித்திருந்தது. தூண்களை எண்ணி, வேங்கை மரத்தின் எடையைச் சொல்லி, கணக்குப் போட்டே காட்டினாள்.

அத்திக்கொல்லையில் கோயிலுக்குப் பத்தடி முன்பே செருப்பைக் கழற்ற வேண்டும். இது தேவாலயம் என்பதற்காக அல்ல. அந்தக் கோயிலுக்கு வந்துகொண்டிருந்த குடும்பங்கள் வேலை தேடிக் கீழே இறங்கிப் பல வருடமாயிற்று. கிறிஸ்துமஸ் சமயத்தில் யாராவது வந்து மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுப் போவதோடு சரி. சாவி பக்கத்து வீட்டுப் பாஞ்சாலியிடம் இருக்கிறது. பாஞ்சாலியும் ஊராரும் மலைத் தெய்வங்களைக் கும்பிடுகிறவர்கள். ஆனால் அந்த ஊரில் கல்லின்மேல் கால் வைத்து நிற்கும் எதுவும் குதிர் வகையைச் சேர்ந்தது. குதிருக்கு அருகே செருப்புப் போட்டுக்கொண்டு போகக் கூடாது. சாமை அறுவடை முடிந்ததும் குதிரின் கட்டைகளுக்குப் பூச்சி வராமல் புங்கெண்ணெய் பூசுவார்கள். கோயிலுக்கும் கால் இருக்கிறதே என்று அதற்கும் பூசினார்கள். கோயில் இத்தனை காலம் செல்லரிக்காமல் நிற்பதற்கு அந்த எண்ணெய்தான் காரணம் என்பது அருணாவின் கணிப்பு.

உள்ளே இருட்டாகவும் குளிர்ச்சியாகவும் இருந்தது. வௌவால் நாற்றம். அருணா வாசலுக்கு அருகே உள்ள தூணிடம் போனாள். தூணிலிருந்து உத்திரத்துக்கு ஒரு சாய்வுக் கட்டை போகிறது. அந்தச் சாய்வுக் கட்டைதான் கட்டடம் பக்கவாட்டில் சாயாமல் பிடித்துக்கொள்கிறது. அதன் முனையை நாக்கு போலச் செதுக்கி, தூணில் வெட்டிய குழிக்குள் செருகி, குறுக்கே முளை அடித்திருக்கிறார்கள். வழக்கம்போலத் தட்டினாள். முளை வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. மாணவிகள் கை தட்டினார்கள்.

"இது மாதிரிதான் எல்லா முளையும். ஒவ்வொண்ணா தட்டி எடுத்தா மொத்தக் கோயிலும் கட்டையாப் பிரிஞ்சு வந்துடும். நம்பர் போட்டு அடுக்கி வெச்சா, வேற எடத்துல திரும்ப மாட்டிக்கலாம்."

இந்த வாக்கியத்தை அவள் மூன்று வருடமாகச் சொல்லிவருகிறாள். யாரும் அதை ஒரு யோசனையாக எடுத்துக்கொண்டதில்லை.

சக்கரவர்த்தி முளையைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார். "மேடம், ரொம்ப நன்றி. நான் கேக்க வந்ததே இதுதான்."

அவர் மலையடிவாரத்தில் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு கல்லூரியின் அறங்காவலர்களில் ஒருவர். கல்லூரி வளாகத்தில் பழைய மரக்கட்டடம் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்று அவர்களுக்கு ஆசை. இந்தக் கோயிலின் நிர்வாகத்திடம் பேசியாகிவிட்டது. ஆள் வராத கோயில் இங்கே இருப்பதைவிட நாலு பேர் பார்க்கும் இடத்தில் இருக்கட்டும் என்று அவர்களும் சொல்லிவிட்டார்கள். சேதமில்லாமல் பிரிக்க முடியும் என்று தெரிந்தால் போதும்.

"நீங்களே கூட இருந்து பிரிச்சுக் குடுங்க. அப்புறம் அங்கயே வந்து பிள்ளைங்களுக்கு விளக்கிச் சொல்லலாம். இவ்வளவு தூரம் மலையேற வேண்டாம் பாருங்க."

அருணா முளையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். கீழே, சமமான தரையில், தார் ரோட்டுப் பக்கத்தில் இந்தக் கோயில் நிற்பதை நினைத்துப் பார்த்தாள். செருப்பு ஏன் கழற்றுகிறோம் என்று அங்கே சொல்ல முடியாது. எண்ணெய் பூச ஆள் இருக்காது. கோயில் இறங்கிவிட்டால் இந்த மலைக்கு வேன் ஏறி வருவதற்குக் காரணமும் இல்லை. தானியக் குதிர்களை மட்டும் பார்க்க பெங்களூரிலிருந்து யார் வருவார்கள்? பிரகாஷ் வேறு சவாரி தேடுவான். பாஞ்சாலி பெரிய பானையைக் கவிழ்த்து வைத்துவிடுவாள்.

"இன்னும் ஒரு முளைய தட்டிக் காட்டிடுங்க. வீடியோ எடுத்து அனுப்பிட்டா போர்டுல ஒத்துக்குவாங்க" என்றார் சக்கரவர்த்தி. கைப்பேசியைத் தயாராகப் பிடித்தார்.

அப்போதுதான் அருணாவுக்கு ஒன்று உறைத்தது. அவள் வேறு எந்த முளையையும் இதுவரை தட்டிப் பார்த்ததே இல்லை. முதல்முறை வந்தபோது கைக்கு எட்டிய ஒன்று லேசாக ஆடியது. அதைத் தட்டினாள், வந்தது. அதிலிருந்து எல்லாம் வரும் என்று முடிவு செய்துகொண்டாள். இப்போது அடுத்த முளை வந்தால் அவள் சொன்னது சரி, கோயில் போய்விடும். வராவிட்டால் கோயில் இருக்கும், மூன்று வருடமாக ஊருக்கெல்லாம் சொன்னது தப்பு.

எதிர்ப்பக்கத் தூணுக்குப் போனாள். எப்போதும் தட்டும் அதே வேகத்தில் தட்டினாள். முளை அசையவில்லை. இன்னும் பலமாகத் தட்டினாள். கொட்டாப்புளிதான் எகிறியது. சக்கரவர்த்தி கைப்பேசியை ஒரு மாணவியிடம் கொடுத்துவிட்டுத் தானே வாங்கி அடித்தார். பிறகு பிரகாஷைக் கூப்பிட்டார்கள். பிரகாஷ் உள்ளங்கையில் எச்சில் துப்பிக்கொண்டு அடித்த அடியில் ஓட்டிலிருந்து தூசியும் இரண்டு வௌவால்களும் இறங்கின. முளை அப்படியே இருந்தது.

சத்தம் கேட்டுப் பாஞ்சாலி கையில் கரண்டியோடு வந்து நின்றாள்.

"எவன்டா அது கோயிலப் போட்டு மொத்தறது? சோத்துல தூசி உழுது."

"நான்தான்க்கா. முளை வர்ல."

"வர்ற முளைய வுட்டுட்டு வராத முளைய தட்டுனா எப்டி வரும்?"

"வராத முளையா? இன்னாக்கா சொல்ற?"

"நீ எப்பவும் புடுங்குவியே, அது எங்க வூட்டுக்காரரு போட்டது. பலா மரத்துக் கெள முறிஞ்சி ஓட்டு மேல உழுந்து, அந்தச் சாய்ப்புக் கட்ட ஒடிஞ்சிச்சு. வேற கட்ட வெச்சி, வேற முளை சீவிப் போட்டாரு. மத்ததெல்லாம் அந்தக் காலத்து ஆளுங்க அடிச்சது. யானைய வுட்டு இஸ்த்தாலும் வராது."

"மூணு வருசமா நான் சொல்றதக் கேட்டுக்கினுதானே இருந்த? ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"நீ எங்க கேட்ட? நீதான் சொல்லிக்கினே கீற. எனக்கும் கேக்க நல்லாத்தான் இருந்திச்சு."

மாணவிகள் சிரித்துவிட்டார்கள். அருணாவின் முகம் சிவந்தது. கோயில் தப்பித்தது என்ற நினைப்பு அவளுக்கு இன்னும் வரவில்லை. இதுவரை வேனில் வந்து போன முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. அவர்களில் சிலர் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பார்கள், எல்லா முளையும் தட்டினால் வரும் என்று. ஆனால் அதற்குள் வேறொரு கேள்வி அந்த முகங்களைத் தள்ளிவிட்டது.

"அந்த ஒடிஞ்ச கட்டைல இருந்த பழைய முளை இன்னா ஆச்சு?"

"அதுக்கு இன்னா, கட்ட பொளந்ததும் முழுசா வெளிய வந்துடுச்சு, நல்லாத்தான் கீது. ஆடு கட்டியிருக்கேன்."

பாஞ்சாலி வீட்டுப் பக்கம் போய், தரையில் அடித்திருந்த முளையை ஆட்டிப் பிடுங்கி எடுத்துவந்தாள். கயிறோடு ஆடும் கோயில் வாசல்வரை வந்தது. அருணா முளையை முந்தானையால் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தாள். முளை நேராக இல்லை. நடுவில், இரண்டு இடத்தில், முட்டி மடக்கினாற்போல லேசாக வளைந்திருந்தது. மேல்பாகமும் கீழ்ப்பாகமும் ஒரே கோட்டில் இருக்க, நடுப்பாகம் மட்டும் ஒரு நெல்மணி அகலத்துக்கு ஒதுங்கியிருந்தது.

அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எல்லாரும் இங்க வாங்க. நான் இவ்ளோ நாள் சொன்னது தப்பு. இதுதான் சரி."

தன் மூன்று விரல்களைச் சேர்த்து நீட்டிக் காட்டினாள். வெளி விரல்கள் இரண்டும் தூணில் வெட்டிய குழியின் இரண்டு சுவர்கள். நடுவிரல் உள்ளே செருகிய நாக்கு. மூன்றிலும் துளை போட வேண்டும். நாம் போட்டால் மூன்றையும் சேர்த்து வைத்து ஒரே நேராகத் துளைப்போம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. நாக்கைத் தனியே வெளியில் எடுத்து, அதன் துளையை மட்டும் ஒரு நெல் அகலம் வெளிப்பக்கமாகத் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். இப்போது கூராகச் சீவிய முளையை அடித்தால், அது மூன்று துளையையும் ஒரு கோட்டுக்குக் கொண்டுவரப் பார்க்கும். அதற்கு ஒரே வழி, நாக்கை இன்னும் உள்ளே இழுப்பது. முளை அடிக்க அடிக்க, கட்டை தூணோடு போய் இறுக ஒட்டிக்கொள்ளும். முடிந்தவரை இழுத்த பிறகு மிச்சமிருக்கும் கோணலுக்கு முளை வளைந்துகொடுக்கும். அதோடு, தூணும் கட்டையும் பச்சை மரமாக இருக்கும்போது, காய்ந்த முளையை அடித்திருக்கிறார்கள். பச்சை மரம் காயும்போது சுருங்கும். சுருங்கினால் துளை முளையைக் கவ்வும்.

"போகும்போது நேரா போச்சு. உள்ள போய் வளைஞ்சுடுச்சு. இப்ப வெளிய வரணும்னா திரும்ப நேராகணும். அது ஆகாது. அக்கா வூட்டுக்காரரு கோவிந்தன் அண்ணன் போட்டது காய்ஞ்ச கட்டைல நேர் துளை. அதான் வழுக்கிக்கினு வருது."

மாணவிகள் முளையைக் கை மாற்றிக் கை மாற்றிப் பார்த்தார்கள். கைதட்டல் இல்லை. ஆனால் யாரும் எழுந்து போகவும் இல்லை. ஒருத்தி அதைத் தாளில் வரைந்தாள்.

சக்கரவர்த்தியும் குந்தி உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். "அப்போ கழட்டவே முடியாதா?"

"தட்டிக் கழட்ட முடியாது சார்."

"கட்டைய வெட்டி எடுத்தா?"

"எடுக்கலாம். கீழ போய் வெறகு மாதிரி அடுக்கிக்கலாம். கட்டடம்ங்கறது கட்டைங்க இல்ல சார், கட்டைங்க சேர்ற எடம். அத வெட்டிட்டா இன்னா இருக்குது?"

அவள் சொன்னது எதுவும் பொய் இல்லை. ஆனால் முழுவதையும் சொல்லவும் இல்லை. முளையின் தலையிலிருந்து அதே பருமனில் ட்ரில் போட்டால் முளை தூளாகிக் கொட்டிவிடும், நாக்கு தானாக விடுபடும். காண்ட்ராக்டர் அலுவலகத்தில் வேலை பார்த்த யாருக்கும் இது தெரியும். போளூர் கடைத்தெருவில் அந்த ட்ரில் கிடைக்கும். தெரிந்த ஒன்றைச் சொல்லாமல் வாயை மூடிக்கொள்வது அருணாவுக்குப் பழக்கமில்லாத காரியம்.

சாப்பாடு போட்டார்கள். சாமைச் சோறு, புளிக்குழம்பு, பலாக்கொட்டைப் பொரியல். பாஞ்சாலிக்கு அதற்குள் பிரகாஷ் மூலமாக விஷயம் தெரிந்துவிட்டது.

"கோயில இஸ்த்துக்கினு போயிட்டா நான் யாருக்கு சார் ஆக்கிப் போடறது? ஆட்டுக்கா?" என்று கேட்டுக்கொண்டே சக்கரவர்த்தியின் இலையில் இன்னொரு கரண்டி வைத்தாள்.

"போதும்மா, போதும்."

"துன்னு சார். ஒருக்கா துன்னா நாளைக்கும் கீழ போயி நெனைப்ப."

வேன் இறங்கும்போது மாணவிகள் தூங்கிவிட்டார்கள். சக்கரவர்த்தி முன் இருக்கையிலிருந்து திரும்பி அருணாவைப் பார்த்தார்.

"மேடம், ஒண்ணு கேக்கறேன். வேற வழி ஏதாவது உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பீங்கதானே?"

அருணா சன்னலுக்கு வெளியே பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"சொல்லியிருக்க மாட்டேன் சார்."

பிரகாஷ் கண்ணாடியில் அவளைப் பார்த்தான்.

"அப்போ வழி இருக்கு."

"இருக்கு."

"எங்க காலேஜ்ல சிவில் டிபார்ட்மெண்ட் இருக்கு. அவங்களக் கேட்டா?"

"ஒரு நிமிசத்துல சொல்லிடுவாங்க."

அவர் தலையாட்டினார். கோபப்பட்டதாகத் தெரியவில்லை. போளூரில் கைகுலுக்கிவிட்டு ரயிலடிப் பக்கம் நடந்தார்.

"ஏன்க்கா, இல்லன்னு ஒரு வார்த்த சொல்லிட்டா முடிஞ்சிருக்குமே" என்றான் பிரகாஷ்.

"நாளைக்கே அவருக்குத் தெரியும். அப்பாலிக்கா நான் முளையப் பத்திச் சொன்னதும் பொய்னு நெனைப்பாரு."

"நெனைச்சா நெனைக்கட்டும்."

"அது உண்மைடா."

அதன் பிறகு வந்த ஞாயிறுகளில் அருணா இரண்டு முளைகளையும் காட்டினாள். கோவிந்தன் அண்ணன் போட்டது இது, வரும். பழையது இது, வராது. பாஞ்சாலி தன் கணவரின் பெயர் வரும்போதெல்லாம் சமையலை விட்டுவிட்டு வந்து நின்று கேட்டாள். ஆட்டுக்கு வேறு முளை அடித்தாகிவிட்டது. ஒவ்வொரு முறை வேன் அத்திக்கொல்லைக்குத் திரும்பும்போதும், கோயில் முன்னால் லாரி நிற்கிறதா என்று பிரகாஷ் எட்டிப் பார்த்துக்கொண்டான்.

மழைக்காலம் தொடங்கும் சமயத்தில் சக்கரவர்த்தியின் போன் வந்தது. அருணா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். ஈரக் கையோடு எடுத்தாள்.

"மேடம், கேட்டேன். ட்ரில் போட்டுடலாம்னு பசங்க உடனே சொல்லிட்டாங்க."

"தெரியும் சார்." அவள் கல்லின்மேல் உட்கார்ந்தாள். "எப்ப வர்றீங்க?"

"வரல. போர்டுல நான்தான் வேண்டாம்னேன். ட்ரில் போட்டா முளை எல்லாம் தூளாயிடும். அந்த வளைஞ்ச முளை இல்லாத கோயில வெச்சுக்கிட்டு நான் பிள்ளைங்களுக்கு என்னத்தக் காட்டறது? நேர் முளைதான் வேணும்னா கோவிந்தனையே கூப்பிட்டுக்கலாமே."

மூடிக்கொண்ட வாய் எதற்கும் உதவவில்லை, தரையில் உட்கார்ந்து மூன்று விரலைக் காட்டியதுதான் வேலை செய்திருக்கிறது என்று அவளுக்குப் புரிய ஒரு கணம் ஆனது.

"ஹலோ, கேக்குதா? இப்ப என்ன முடிவுன்னா, அதே மாதிரி கான்கிரீட்ல கட்டி மரக்கலர் பெயின்ட் அடிச்சுடறோம். அளவெல்லாம் நீங்கதான் குடுக்கணும்."

"குடுக்கறேன் சார். முளையும் வெப்பீங்களா?"

"வெச்சாதான் பாக்க நல்லா இருக்கும்."

"கான்கிரீட்டுக்கு முளை எதுக்கு சார்? அங்க இழுத்துப் பிடிக்கறது உள்ள இருக்கிற கம்பி. கம்பி எப்டி வேல செய்யுதுன்னா..."

"மேடம், எனக்கு ஒரு மீட்டிங்..."

"ரெண்டு நிமிசம் சார். அதுவும் கிட்டத்தட்ட முளை கதைதான்" என்று சொல்லிவிட்டு, அருணா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அவர் பார்க்க முடியாத மூன்று விரல்களைக் காற்றில் நீட்டினாள்.